ஒரு ஆள் குறைகிறது

ஜொகூர் பாரு
24.10.2021

அன்புள்ள இன்பராணி,

சிங்கப்பூர் ஆஸ்பத்திரியில் உனக்கு வேலை அதிகமா? நேரத்துக்குச் சாப்பிடு. நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

கொரோனாவால் சிங்கப்பூர் எல்லையை மூடி, நீ அங்கேயே மாட்டிக்கொண்டு பத்தொன்பது மாதம் ஆகிறது. கொரியாக்காரர்களும் இல்லை, சிங்கப்பூர்க் குடும்பங்களும் இல்லை. நம் சுற்றுலா வேன் வாசலிலேயே நிற்கிறது. பேட்டரி செத்துவிடக் கூடாதென்று தினமும் காலையில் இன்ஜினைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பேன். பழக்கதோஷம், கண்ணாடியில் பார்த்துத் தலைகளை எண்ணுவேன். ஒரு தலை குறைந்தாலும் நான் வண்டியை எடுக்கமாட்டேன் என்பது உனக்குத் தெரியும்.

நேற்று மைக்கைப் பிடித்து, "வெல்கம் டு ஜொகூர்" என்றேன். பக்கத்து வீட்டு எலைன் எட்டிப் பார்த்தாள்.

"அங்கிள், யாரோட பேசுறீங்க?"

"மைக் டெஸ்ட் பண்றேன் லா."

இன்று பிரெட்ரிக் என்பவர் வேனை வாங்க வந்தார். நான்தான் விளம்பரம் போட்டிருந்தேன், உன்னிடம் சொல்லவில்லை. சாவியைக் கொடுக்கப் போனபோது, கல்யாணமான நாளிலிருந்து நீ எப்போதும் உட்காரும் முன்சீட்டு கண்ணில் பட்டது.

"மன்னிச்சிருங்க, வண்டிய இப்ப எடுக்க முடியாது. ஒரு ஆள் இன்னும் வரல" என்றேன்.

அவர் காலியான வேனுக்குள் ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

இப்படிக்கு,
உன் டிரைவர்