ஒன்பதாம் கேள்விக்கு ஜெயனியின் பதில்

09 யூன் 2025, திங்கள்

புதுசு இரண்டும் வந்து இறங்கிவிட்டன. கொழும்பிலிருந்து லொறியில், பிளாஸ்ரிக் சுற்றியபடி, மாப்பிள்ளை மாதிரி. உரும்பிராய்க் கந்தோரில் இருந்த அத்தனை பேரும் வேலையைப் போட்டுவிட்டு முற்றத்துக்கு ஓடினார்கள். நான் ஆறுதலாகத்தான் போனேன். வாகனப் பொறுப்பாளர் வாயைப் பிளந்துகொண்டு நிற்கக் கூடாது.

எங்களிடம் இருக்கிற ஆறும் இதே மோட்டார் சைக்கிளின் பழைய வடிவம். பதினான்கு வருடமாக அவற்றில்தான் குடாநாடு முழுக்கக் கிணறு கிணறாகப் போய்த் தண்ணீர் எடுத்துச் சோதிக்கிறோம். தார் ரோட்டிலும் ஓடும், தோட்டத்து ஒழுங்கை, கடற்கரை மணல், தரவை என்று எங்கே விட்டாலும் ஓடும். இப்போது கொம்பனி அதையே திருப்பி வடிவமைத்திருக்கிறது. பெயர் அதே பெயர், முகம் வேறு.

கந்தோர்த் தலைவர் சீலா மிஸ் அறைக்குள் கூப்பிட்டார். "பிறேம், மூண்டு மாதம் எல்லாரும் ரெண்டையும் மாறி மாறி ஓடட்டும். ஓடுற ஆக்களின்ரை அபிப்பிராயத்தை எடுத்து நீங்கள்தான் றிப்போட் எழுதவேணும். பழசை விக்கிறதோ வைச்சிருக்கிறதோ எண்டு கொழும்புத் தலைமைக் கந்தோர் அதைப் பாத்துத்தான் முடிவெடுக்கும்."

விற்பதா? முதலாம் இலக்க வண்டியையுமா? அதை முதல்நாள் உதைத்து எழுப்பியவன் நான்.

12 யூன், வியாழன்

புதுசில் சாவகச்சேரி வரை போய் வந்தேன். நேர்மையாக எழுதுவோம், வேறு யாரும் வாசிக்கிற கொப்பியா இது? பிறேக் நல்லது. மணலில் அழுத்திப் பிடித்தும் சறுக்கவில்லை. இருக்கை பதிவாய்த் தாழ்ந்திருக்கிறது, ஜெயனிக்கு இனிக் கால் எட்டும். காலையில் சோக்கை இழுத்துக்கொண்டு மன்றாடத் தேவையில்லை.

ஆனால் இந்த ஸ்ராண்ட் விளையாட்டு! பக்க ஸ்ராண்டை மடக்காமல் கியரைப் போட்டால் எஞ்சின் தானாக நின்றுவிடுகிறது. மடக்கினால்தான் ஓட விடும். புதுசின் ஸ்ராண்ட் கொஞ்சம் முன்னுக்கு இருப்பதால் என் குதிக்கால் தேடிய இடத்தில் அது இல்லை. சந்தை வாசலில் மூன்று தரம் நின்றது. கத்தரிக்காய் விற்கிற மனுசி சிரித்தே விட்டா. பதினான்கு வருடம் ஒருநாளும் மறக்காதவனுக்கு ஒரு மெசின் ஞாபகப்படுத்துகிறதாம். பற்றிக்கொண்டு வந்தது.

27 யூன், வெள்ளி

தேத்தண்ணி நேரம் முழுக்க இதே கதை. றோய் பழசின் கட்சி. "தண்ணிக்கை விழுந்தாலும் பழசைக் கவிட்டு வடிச்சுப்போட்டு உதைச்சால் எழும்பும். உது விழுந்தால் கொம்பியூட்டர்காரனைத்தான் கூப்பிடவேணும்."

கஜானன் விடவில்லை. "நீங்கள் விழுறதைப் பற்றிக் கதையுங்கோ. நான் விழாமல் போறதைப் பற்றிக் கதைக்கிறன்." போன வருடம் பழசில் சறுக்கி விழுந்து கையில் பத்து நாள் கட்டோடு திரிந்தவன். அதற்குப் பிறகு அவன் மனைவி பிரசாந்தி பின்னேரம் நாலு மணிக்கே போன் எடுத்துவிடுவா. புதுசு வந்ததிலிருந்து எடுப்பதில்லையாம். அதைப் பெரிய பெருமையாகச் சொன்னான்.

ஜெயனி கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனா. எட்டு வருடமாக எங்களோடு ஓடுகிற பிள்ளை. எதையும் வாயால் சொல்லமாட்டா, சின்னச் சின்ன எழுத்தில் எழுதி வைப்பா.

14 யூலை, திங்கள்

பலகையில் முறை எழுதி மாட்டியாயிற்று. ஆளுக்கு ஒரு கிழமை புதுசு, ஒரு கிழமை பழசு. எனக்கு முறை போடவில்லை. பொறுப்பாளருக்கு முதலாம் இலக்கம் போதும்.

05 செப்ரெம்பர், வெள்ளி

படிவங்கள் வந்துவிட்டன. ஒன்பது கேள்விகள். கஜானன் எல்லாவற்றுக்கும் 'புதுசு' என்று எழுதிவிட்டு, ஏன் என்ற இடத்தில் ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறான்: 'நான் மறந்தாலும் அது மறக்காது.' சோம்பேறியின் பதில். சிரித்தேன்.

ஒன்பதாவது, 'வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?' எல்லோரும் வெறுமையாக விட்டிருக்கிறார்கள். ஜெயனி மட்டும் நிரப்பி, பின்பக்கத்துக்கும் போயிருக்கிறா. அப்படியே எழுதி வைக்கிறேன்:

'இரண்டையும் கலந்து வைத்திருக்க வேண்டாம். எல்லாம் பழசாக இருக்கட்டும், இல்லையென்றால் எல்லாம் புதுசாக இருக்கட்டும். புதுசில் ஸ்ராண்டை மடக்க மறந்தால் எஞ்சின் நின்றுவிடுகிறது. அதனால் நான் ஸ்ராண்டைப் பற்றி நினைப்பதையே விட்டுவிட்டேன். அடுத்த கிழமை பழசில் ஏறியபோது இரண்டு தரம் ஸ்ராண்ட் கீழே இருந்தபடி ஓடினேன். பழசு நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும். நேர் ரோட்டில் ஒன்றும் தெரியவில்லை. கைதடியில் இடப்பக்கம் திரும்பிச் சரியும்போது ஸ்ராண்ட் ரோட்டில் முட்டியது. விழவில்லை. பழசு மட்டும் ஓடிய எட்டு வருடத்தில் நான் ஒருநாளும் மறந்ததில்லை.'

இது கவனயீனம். வண்டியின் பிழையா?

08 செப்ரெம்பர், திங்கள்

றிப்போட் எழுதி முடித்தேன். ஜெயனி சொன்னதை எழுதினால் கொழும்பு என்ன செய்யும்? எல்லாவற்றையும் புதுசாக்கு என்று ஒரே வரியில் சொல்லிவிடும். ஆறும் ஏலத்துக்குப் போகும். பிறகு, அந்தப் பிள்ளைக்கும் கவனமில்லாத ஆள் என்று பெயர் வரும். அவவுக்காகவும்தான் விட்டேன்.

இல்லை. 'அவவுக்காகவும்' என்பது பொய். எனக்காகத்தான்.

'இரு வடிவங்களும் தமக்கெனச் சிறப்புகள் உடையன. கலந்து பயன்படுத்துவதே உகந்தது.' நல்ல வசனம். இதை எழுத முக்கால் மணித்தியாலம் எடுத்தது.

09 செப்ரெம்பர்

அனுப்பியாயிற்று. ஜெயனியின் படிவத்தைக் கிழிக்க எடுத்தேன், கிழிக்கவில்லை. இந்தக் கொப்பிக்குள் மடித்து வைத்திருக்கிறேன். ஏன் கிழிக்கவில்லை என்று எனக்கே தெரியவில்லை.

03 ஒக்ரோபர், வெள்ளி

கொழும்பு ஏற்றுக்கொண்டது. பழசில் மூன்று போகும், மூன்று நிற்கும். புதுசு இன்னும் இரண்டு வரும். சமநிலையான அறிக்கை என்று சீலா மிஸ்ஸுக்கு எழுதியிருக்கிறார்களாம். இனி எனக்கும் சேர்த்து எல்லோருக்கும் முறை.

முதலாம் இலக்கம் நிற்கிறது. சந்தோசப்படவேண்டும். படுகிறேன்.

15 ஒக்ரோபர், புதன்

கராஜ் கிறிஸ்ரி சேர்விசுக்கு விட்ட பழசைப் படுக்கவைத்துக் காட்டினான். "அண்ணை, உந்த ஸ்ராண்டின்ரை கால் தேஞ்சிருக்குப் பாருங்கோ. நிண்டு தேயிற தேய்வில்லை உது. ஓடித் தேஞ்சது."

கால்விளிம்பு ஒரு பக்கம் மட்டும் வெள்ளி மாதிரிப் பளபளத்தது. விரலால் தடவினேன், கூராக இருந்தது. மற்ற இரண்டையும் கந்தோருக்கு வந்து குனிந்து பார்த்தேன். ஒன்றில் அதே பளபளப்பு. முதலாம் இலக்கத்தில் மட்டும் இல்லை.

17 ஒக்ரோபர், வெள்ளி

யார் என்று கேட்டேன். றோய் சுவரைப் பார்த்தான். கஜானன், "ஆருக்குத் தெரியும் அண்ணை, பழசுக்கு வயசு போச்சு" என்று பகிடி விட்டான். ஜெயனி என்னையே பார்த்துக்கொண்டு நின்றா. நான் பெற்றோல் தாங்க்கில் ஒட்டுவதற்கு 'ஸ்ராண்டைப் பார்' என்று மூன்று காகிதம் அச்செடுத்தேன்.

பழசுக்கும் எஞ்சினை நிறுத்துகிற அந்தச் சுவிச்சைப் பொருத்திப் பூட்டலாம், அரைநாள் வேலை என்கிறான் கிறிஸ்ரி. ஆனால் கந்தோர் வாகனத்தில் அனுமதி இல்லாமல் கை வைக்க முடியாது. காரணம் எழுதிக் கடிதம் வைக்கவேண்டும். காரணத்தை எழுதினால், இதை ஓடுகிறவர்கள் முதலே சொல்லவில்லையா என்று கேட்பார்கள்.

ஜனவரியில் பார்க்கலாம்.

06 நவம்பர், வியாழன்

கந்தோருக்கு வந்ததும் முதலில் இதை எழுதுகிறேன்.

போன கிழமை முழுக்க எனக்குப் புதுசு. இன்று காலை கைதடிக்கு முதலாம் இலக்கத்தில் போனேன். கோப்பாய் தாண்டி இடப்பக்க வளைவில் சரிய, கீழே இரும்பு ரோட்டில் கீச்சிட்டது. பின்சில்லு தூக்கியது. எப்படி நிமிர்த்தினேன் என்று தெரியாது. வயல் கரையில் நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தால் ஸ்ராண்ட் கீழே கிடக்கிறது.

எனக்கு! பதினான்கு வருடம் ஓடினவனுக்கு! நான் ஒட்டின காகிதத்தை நானே பார்க்கேல்லை. கண்ணுக்கு முன்னாலை தாங்க்கில் கிடக்கு, பார்க்கேல்லை.

ஒருவருக்கும் சொல்லவில்லை. ஜெயனி எழுதியதைத் திரும்ப எடுத்து வாசித்தேன். ஒரு சொல்லும் பிழையில்லை. கடிதத்தை நாளைக்கே எழுதவேண்டும்.

07 நவம்பர்

கூட்டம். எழுதவில்லை.

01 டிசெம்பர், திங்கள்

புயல் போய்விட்டது, வெள்ளம் போகவில்லை. கிணறுகளுக்குள் ரோட்டுத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. குடிக்கலாமா என்று ஊர் ஊராகப் போன் வருகிறது. ஏழு வண்டியும் வெளியே. யார் எதில் போகிறார் என்ற முறையெல்லாம் குழம்பிவிட்டது. காலையில் ஒன்று, மத்தியானம் இன்னொன்று. பலகையை அழித்துவிட்டேன்.

வாசலில் நின்று ஒவ்வொருவரும் வெளிக்கிடும்போது ஸ்ராண்டைப் பார்க்கிறேன். பைத்தியக்காரன் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் வாசலில்தானே பார்க்கலாம். ஒவ்வொரு கிணற்றடியிலும் இறங்கி ஏறுகிறார்களே, அங்கே ஆர் நிற்கிறது?

04 டிசெம்பர், வியாழன்

காலையில் கஜானன் ஆணியில் தொங்கிய புதுசின் திறப்பை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டான். அவனுக்குத் தென்மராட்சிப் பக்கம், இன்னும் முழங்கால் தண்ணீர் நிற்கிற ஒழுங்கைகள். நான்தான் மறித்தேன்.

"உந்தத் திறப்பை வை. தண்ணிக்கை பழசுதான் ராசா. என்ரையைக் கொண்டு போ."

"முதலாம் இலக்கமோ? ஒருத்தருக்கும் தராதனீங்கள், இண்டைக்கு மழைதான் அண்ணை" என்று சிரித்தான். வாசலில் ஸ்ராண்டைப் பார்த்தேன். மடக்கியிருந்தது. "போட்டு வாறன்" என்றான்.

பத்து இருபதுக்குப் போன் வந்தது. மூன்றாவது கிணறு முடித்து ஏறி, கொஞ்சத் தூரம் போய், இடப்பக்க வளைவு. எதிரே ஒரு வாகனமும் இல்லை. வண்டி அவனைத் தூக்கியெறிந்து மதகுக் கட்டில் அடித்திருக்கிறது. ஹெல்மெட் போட்டிருந்தான். றோய் போய்ப் பார்த்துவிட்டு எனக்கு மட்டும் சொன்னான்: "அண்ணை, ஸ்ராண்ட் கீழை கிடக்கு."

05 டிசெம்பர்

பெரியாஸ்பத்திரி. கண் திறக்கவில்லை.

07 டிசெம்பர், ஞாயிறு

விடியக் கஜானன் போய்விட்டான். ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போகவில்லை. எந்த முகத்தோடு பாட்டுப் புத்தகத்தை விரிப்பது?

15 டிசெம்பர், திங்கள்

கொழும்பிலிருந்து கடிதம். 'குறித்த வாகனம் தொடர்பாக ஓட்டுநர்கள் முன்னரே ஏதும் குறை தெரிவித்திருந்தனரா?' வாகனப் பொறுப்பாளர் பதிலளிக்கவும். ஜனவரி நடுப்பகுதி வரை தவணை.

17 டிசெம்பர், புதன்

ஜெயனி என் மேசைக்கு வந்தா. இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"அண்ணை, நான் ஒன்பதாம் கேள்விக்கு எழுதினதை அனுப்பினனீங்களோ?"

"ஓம்" என்றேன்.

அவ தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டா. நம்பவில்லை. சண்டை பிடித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

22 டிசெம்பர்

'அவ்வாறு எதுவும் தெரிவிக்கப்படவில்லை' என்று பதில் எழுதினேன். கையெழுத்து வைக்கவில்லை. மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.

09 ஜனவரி 2026, வெள்ளி

கஜானனின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து மூன்றாம் நாள். பிரசாந்தி தமையனோடு கந்தோருக்கு வந்தா. அவனுடைய மழைக்கோட்டு, சாப்பாட்டுப் பெட்டி, கண்ணாடி, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வைத்திருந்தேன். பையை வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றா. சீலா மிஸ் இருந்தார், ஜெயனியும் இருந்தா. ஆனால் பிரசாந்தி என்னைத்தான் கேட்டா.

"அவர் சொன்னவர், உந்தப் புது மோட்டச்சைக்கிள் பயமில்லையாம், ஸ்ராண்டை மறந்தால் தானாய் நிண்டிடுமாம் எண்டு. அதாலைதான் நான் போன் எடுக்கிறதை விட்டனான். ஏன் அண்ணை அண்டைக்கு அது நிக்கேல்லை?"

ஒரு மாதமாக அந்த மனுசி இதையே யோசித்துக்கொண்டு இருந்திருக்கிறா. புதுசு ஏன் நிற்கவில்லை என்று.

"அது புதுசில்லை, பிள்ளை" என்றேன். "அவன் புதுசைத்தான் எடுத்தவன். நான் மறிச்சு என்ரை பழசைக் குடுத்தனான். அது நிக்காது. அது நிக்காது எண்டு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சோ குடுத்தனீங்கள்?"

சீலா மிஸ் எழும்பிவிட்டார். நான் என் தோள்பையிலிருந்து இந்தக் கொப்பியை எடுத்து, செப்ரெம்பர் பக்கத்தில் மடித்து வைத்திருந்த படிவத்தை எடுத்தேன். அதைப் பார்த்ததும் ஜெயனி முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டா. மிஸ் கை நீட்டினார். நான் பிரசாந்தியிடம் கொடுத்தேன்.

அவ நின்றபடியே வாசித்தா. ஜெயனியின் எழுத்து மிகவும் சின்னது. பின்பக்கம் திருப்பியும் வாசித்து முடித்து, திரும்ப முதலில் இருந்து தொடங்கினா.