ரஜாய்க் கடைப் பலகை

டிச. 9, செவ்வாய்
காலையிலிருந்து புகைமூட்டம். எதிர் பிளாக் தெரியவில்லை. பால் வாங்கி வருவதற்குள் கண் எரிச்சல்.

இப்படித்தான் ஆகும் என்று நான் முன்பே சொன்னேன். அண்ணன் காணாமல் போன அந்த வாரமே சொன்னேன், ஆள் சாகவில்லை, எங்கேயோ இருக்கிறார் என்று. ஒருவரும் காதில் வாங்கவில்லை. இன்று நிரூபித்தாயிற்று. நிரூபித்தவன் எட்டாம் வகுப்போடு நின்றவன் என்பதையும் குறித்து வைக்கிறேன்.

நடந்தது: இங்கே தில்லியில் அண்ணனோடு வேலை பார்த்த, மோதி பாக்கில் குடியிருந்த சிநேகிதர் போன மாதம் காலமானார். வீட்டைக் காலி செய்த அவர் மகள், நம் ஆட்கள் இருக்கிற படங்களை ஒரு கவரில் போட்டு மதினிக்கு அனுப்பியிருந்தாள். இன்று பிரித்தோம். ஐயரும் இருந்தார். வரும் வெள்ளிக்கிழமை தர்ப்பையில் அண்ணனுக்கு உருவம் செய்து, எரித்து, காரியம் முடிப்பதாக ஏற்பாடு. அண்ணன் மகள் காயத்ரிக்குத் தையில் கல்யாணம். பத்திரிகையில் அப்பா பெயருக்கு முன்னால் என்ன போடுவது என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இருபது வருஷத்துக்கு மேலாக மாட்டேன் என்ற மதினி இப்போதுதான் சரி என்றிருந்தார்.

ஒரு படத்தில் ஹரித்வார் போகிற கோஷ்டி, பஸ்ஸுக்கு முன்னால் வரிசையாக. பின்னால் ஒரு ரஜாய்க் கடை, பஞ்சுப் போர்வைகள் மலையாக. கடையோரம், கோஷ்டியோடு சேராமல், அண்ணன். சந்தேகமே இல்லை. மெரூன் ஸ்வெட்டர்.

பழைய படம் என்று ஐயர் தள்ளி வைத்தார். நான் விடவில்லை. லென்ஸை எடுத்தேன். ஆயுசு பூரா டெஸ்பாட்ச் பிரிவில் கவர் மேல் முத்திரை படித்த கண் இது. கண்டவை:

– ஸ்வெட்டர். அவர் போவதற்கு முந்தின தீபாவளிக்கு மதினி பின்னியது. அதே ஸ்வெட்டரோடுதான் பொங்கலுக்கு முன்னால் ஆபீஸுக்குப் போய்த் திரும்பவில்லை. ஆகவே படம் அந்தச் சில வாரங்களுக்குள், இல்லையென்றால் அவர் போன பிறகு.
– ஆட்டோ, பச்சை. உதவாது. அவர் இருக்கும்போதே ஆட்டோக்கள் கேஸுக்கு மாறிப் பச்சை வந்துவிட்டது.
– நிழல் நீளம். காலை. இடம் கஷ்மீரி கேட், பஸ் நிலையத்துக்கு எதிரே.
– கடைப் பலகையில் டெலிபோன் நம்பர். இதுதான் விஷயம். அண்ணன் போனபோது தில்லியில் ஏழு எண். அப்புறம்தான் முன்னால் ஒரு 2 சேர்த்து எட்டாக்கினார்கள். பலகையில் எட்டு.

ஆக, படம் அவர் போன பிறகு எடுத்தது. சொன்னேன். மதினி மட்டும் கேட்டார்.

"நல்லாப் பாத்தியளா தம்பி?"

பார்த்தேன் என்றேன். ஐயர் சாமான் பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

டிச. 10, புதன்
பார்க்கில் நல்ல கூட்டம். முழுக்கதையும் சொன்னேன். லென்ஸ் ஜெர்மனிச் சரக்கு என்று சேர்த்துக்கொண்டேன். கேட்கிறவர்களுக்கும் ஒரு சுவை வேண்டாமா. சர்தார்ஜி கை குலுக்கினார்.

காயத்ரி ஆபீஸிலிருந்து போன். "சித்தப்பா, பக்கா தானே? ஃபோட்டோவ வாட்ஸப்ல போடுங்க, நான் ஜூம் பண்ணிப் பாக்கறேன்." படம் என்னிடம் இல்லை. மதினி பர்ஸில் வைத்துவிட்டார், பெற்ற மகளுக்கே காட்டுவதில்லையாம். நல்லதுதான். பல கை பட்டால் பழைய படம் கெடும்.

முழங்கால் வலி. தைலம் தீர்ந்துவிட்டது.

டிச. 12, வெள்ளி
காரியம் நடந்திருக்க வேண்டிய நாள். அதற்குப் பதில் மதினியும் நானும் மெட்ரோவில் கஷ்மீரி கேட். ரஜாய்க் கடை இருந்த இடத்தில் மொபைல் கடை. பக்கத்து டீக்கடைக் கிழவர் படத்தைப் பார்த்து, "ஹோகா மாதாஜி" என்றார். இருக்கலாம் என்று அர்த்தம். மதினிக்கு அது போதுமாயிருந்தது.

அங்கே நின்ற ஒருவன் தானாகவே வந்தான். சாம்பல் நிற ஜாக்கெட். ஆற்றங்கரைப் பக்கம் பேசாத ஒரு மதராஸி இருக்கிறான், எனக்குத் தெரியும் என்றான். கூட்டமாகப் போனால் மிரளுவானாம், மாதாஜி மட்டும் வந்தால் கூட்டிப் போகிறேன் என்றான். சொல்லும்போது மதினியின் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். தாலிச் சங்கிலியை மதினி இன்றுவரை கழற்றியதில்லை. கெட்டியான பழைய சங்கிலி.

திரும்பும்போது மெட்ரோவில் மதினி சிரித்தார். பார்த்துப் பல வருஷமாயிற்று. என்னால்தான்.

டிச. 14, ஞாயிறு
காற்று மோசம். ஜன்னல் இடுக்கில் துணி அடைத்தேன்.

மதினி தன் ஸ்வெட்டரையே பிரித்து, அந்த நூலில் அண்ணனுக்குப் புதிதாகப் பின்னுகிறார். முன்பக்கம், முதுகு முடிந்துவிட்டது. "இளைச்சிருப்பாக. தோள்ல கண்ணி கொறைச்சிருக்கேன்" என்றார். சாப்பாட்டு மேஜையில் ஒரு தட்டு அதிகம்.

காயத்ரி சமையலறையில் என்னைப் பிடித்துக்கொண்டாள். பத்திரிகை அச்சாகாமல் கிடக்கிறது. அம்மா நேற்றும் தனியாகப் போய்விட்டு வந்தாளாம். "உங்களாலதான் ஸ்டார்ட் ஆச்சு, நீங்களே நிறுத்துங்க. அந்த நம்பர் ஒண்ணு வெச்சு எப்படி சித்தப்பா?" உனக்கு என்ன தெரியும், கம்ப்யூட்டர் படிப்பு வேறு, கண் வேறு என்றேன். அச்சா என்று போய்விட்டாள்.

கிளம்பும்போது மதினி வாசல்வரை வந்தார். பின்னிக்கொண்டே கேட்டார். "பலகையில எட்டுதான தம்பி?"

எட்டுதான், முதல் எண் இரண்டு என்றேன். சும்மா இருந்திருக்கலாம். தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

டிச. 16, செவ்வாய்
மார்கழி பிறந்தது. மூடுபனி. ரயில் எல்லாம் தாமதம் என்று டி.வி.யில்.

நாளைக் காலை அந்த ஜாக்கெட்காரன் மதினியை நேரே ஆளிடம் கூட்டிப் போகிறானாம். நானும் வருகிறேன் என்றேன். ஒரு முறைதான் சொன்னேன். "வேண்டாம் தம்பி, மெரண்டுருவாகளாம். நீங்க கண்டுபிடிச்சுத் தந்ததே போதும்" என்றார். முழங்காலும் ஒத்துழைக்கவில்லை. விட்டுவிட்டேன்.

அந்த ஆளின் பெயரை யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

டிச. 17, புதன்
மதினி விடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டார். ஸ்வெட்டர், டிபன் பாக்ஸில் இட்லி, பர்ஸில் படம். பத்து மணிக்குக் காயத்ரி போன் போட்டாள். ஸ்விட்ச் ஆஃப். மத்தியானமும் அதேதான்.

போலீஸ் ஸ்டேஷன் போனோம். அங்கே இருந்த பெண் போலீஸ் நிதானமாகக் கேட்டாள். எதற்காக அங்கே போனார், யாரைத் தேடி, அவர் உயிரோடு இருப்பதற்கு என்ன ஆதாரம். காயத்ரி என் பக்கம் திரும்பினாள். "சொல்லுங்க சித்தப்பா."

இந்தியில் விளக்கினேன். ஸ்வெட்டர், நிழல், பலகை, எட்டு எண். அவள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.

காயத்ரியும் மாப்பிள்ளையும் கஷ்மீரி கேட் போயிருக்கிறார்கள். யாராவது வீட்டில் இருக்க வேண்டும் என்று என்னை மதினி வீட்டில் உட்கார்த்திவிட்டார்கள். மணி நாலு. அதற்குள் இருட்டு. ஜன்னலில் ஒன்றுமே தெரியவில்லை. மேஜையில் மூன்று தட்டு கவிழ்த்து வைத்திருக்கிறது. சோபாவில் மிச்ச நூல், மெரூன் இல்லை, பச்சை.

போன் அடித்தது. பாங்க் விளம்பரம்.

இதை யாரும் படிக்கப் போவதில்லை. பலகையில் ஏழு எண்தான். லென்ஸில் தெளிவாகத் தெரிந்தது, இரண்டு முறை எண்ணினேன். ஐயர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மதினி என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு என்றேன்.