பத்து நிமிடத்துக் கேப்சர் கார்டு

வெள்ளி இரவு, ஷார்ஜா முவைலா.

நஸீர் பாய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். வைத்துக்கொள்ளட்டும்.

கன்சோலில் ஆடுவதைக் கணினியில் பதிவு செய்கிற கேப்சர் கார்டு அது. என் சேனலில் விமர்சனம் போடச் சொல்லித் தன் கடையிலிருந்து அவர்தான் தந்தார். இன்று பகல் முழுக்க ஒரு கால்பந்து ஆட்டத்தை வைத்துச் சோதித்தேன். முதல் பத்து நிமிடம் படமும் சத்தமும் அருமை. பிறகு சத்தம் பின்தங்கத் தொடங்கியது. நாற்பதாவது நிமிடத்தில் பந்து வலைக்குள் கிடக்கிறது, உதைத்த சத்தம் அப்புறம்தான் வருகிறது. கேபிளை மாற்றினேன், அறை நண்பனின் கணினியிலும் பார்த்தேன். அதே கதைதான்.

சாயங்காலம் கடைக்குப் போய்ச் சொன்னேன்.

“முதல் பத்து நிமிஷத்தை மட்டும் போடுங்க தம்பி. அது நல்லாத்தானே ஓடுது?” என்றார் பாய்.

“என்ரை வீடியோவைப் பார்த்து வாங்கிறவை, லீவுக்குப் போகேக்கை தம்பிமாருக்கெண்டு பெட்டியிலை வைச்சுக் கொண்டுபோயினம் பாய். ஊரிலைதான் பிரிப்பினம். திருப்பிக் குடுக்க ஷார்ஜாவுக்கோ வருவினம்?”

“அப்ப இனிமே என் கடையிலேர்ந்து உங்களுக்கு எதுவும் வராது.”

“கலாஸ், முடிஞ்சுது பாய்,” என்று கார்டை மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

நாற்பது நிமிடத்தையும் வெட்டாமல் ஏற்றிவிட்டேன். பாய்க்கும் லிங்க் அனுப்பினேன். பத்து நிமிடத்தோடு நிறுத்திவிட வேண்டாம் என்று கீழே ஒரு வரியும் எழுதினேன்.