மூன்று படுக்கை வண்டிக்கு மெருகு

மார்ச் 4, திங்கள்

அத்தான் வாங்கிய பழைய மோட்டார் ஹோம் இன்று வாசலில் வந்து நின்றது. உள்ளே அடுப்பு, குழாய், மூன்று படுக்கை. வெளியே பார்த்தால் வெளுத்துப்போன சுண்ணாம்புச் சுவர். விரலால் தேய்த்தேன், முகத்துக்குப் பூசலாம் போல மாவு ஒட்டியது.

அடுத்த மாதக் கடைசியில் குடும்பத்தோடு ஊர் சுற்றப் போகிறார்கள். குடும்பம் என்றால் அத்தான், அக்கா, அக்கா மகள். பின்னறையில் வருஷக்கணக்காக இருக்கும் நான் அதில் சேர்த்தியா? யாரும் சொல்லவில்லை. நானாகப் போய்க் கேட்பதா? நானா?

"இதைக் கண்ணாடி மாதிரி ஆக்கித் தரேன் அத்தான். கப்பலுக்கே பாலிஷ் போட்ட கை இது" என்றேன்.

"ம்" என்றார். மற்றவர்கள் ஒரு மணி நேரம் பேசுவதை அவர் அப்படித்தான் சொல்வார்.

கப்பல் என்றால் படகு. படகின் ஏணி. ஆனால் பித்தளை ஏணி.

மார்ச் 9, சனி

பெயின்ட் கடைக்காரர் பாடம் எடுத்தார். "அண்ணே, முதல்ல காம்பவுண்டுப் பசை போட்டு அந்த மாவை அறுத்து எடுங்க. அப்புறம் பாலிஷ். கடைசியாத்தான் மெழுகு." தலையாட்டிவிட்டு மெழுகு டப்பாவை மட்டும் வாங்கி வந்தேன். ஆறாம் வகுப்போடு வாத்தியார்களே என்னைச் சமாளிக்க முடியாமல் விட்டுவிட்டார்கள், இவர் என்ன சொல்லித் தருவது?

மதியத்துக்குள் ஒரு பக்கம் முடிந்தது. என்ன மினுக்கு! எதிர்வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டுதான் நடந்தார். பறந்த காக்கா வழி தவறிப்போனது.

மார்ச் 14, வியாழன்

மழை.

மார்ச் 15, வெள்ளி

போச்சு. முதுகில் தேமல் விழுந்த மாதிரி ஒரே திட்டுத் திட்டு. அத்தான் வேலைக்குக் கிளம்பும்போது நின்று பார்த்தார். "விடு மச்சான். இப்படியே போய்க்கலாம்."

யார் போறது? அதையும் ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சா என்னவாம்? படுக்கை மூணுன்னு எனக்கு எண்ணத் தெரியாதா? இத்தனை நாள் வாயால வாழ்ந்தாச்சு, ஒரு இடம் கேக்க மட்டும் வாய் வரமாட்டேங்குது.

மார்ச் 16, சனி

அக்கா மகள் பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவள். இன்று லீவு. பழைய துணியோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

"பல்லுல கறை இருந்தா அதுமேல மெழுகா பூசுவோம் மாமா? கறையை எடுத்தாத்தான் பல்லு தெரியும்."

"ஒரு பரிசோதனைக்காக அப்படிப் போட்டேன்மா."

"தெரியும் மாமா. எங்க டாக்டரும் பல்லை மாத்திப் பிடுங்கினா அப்படித்தான் சொல்வாரு."

சாயங்காலம்வரை இரண்டு பேரும் சேர்ந்து மெழுகைச் சுரண்டி எடுத்தோம். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றாள். நல்ல பிள்ளை. என் வளர்ப்பு. அக்காவுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

மார்ச் 17, ஞாயிறு

சுழன்று தேய்க்கும் பஃபிங் மெஷினை வாடகைக்கு எடுத்தோம். அதை வண்டிமேல் வைத்துவிட்டுத்தான் சுவிட்சைப் போட வேண்டும். நான் போட்டுவிட்டு வைத்தேன். காம்பவுண்டு அத்தனையும் அத்தான் முகத்தில்!

இன்றோடு வீட்டை விட்டே கிளம்ப வேண்டியதுதான் என்று நினைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, நிதானமாகத் துடைத்து, வெயிலில் தூக்கிப் பார்த்தார். "பரவாயில்ல, நல்லாத்தான் மெருகு ஏறுது."

அக்கா சிரித்துச் சிரித்து அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அத்தான் ஜோக் அடித்து நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. அடிபட்டவர் அடித்த ஜோக், கும்பிட்டு வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 20, புதன்

ஒரு முழம் ஒரு முழமாகத்தான் நகர்கிறது. வலது தோள் தூக்க வரவில்லை. நான் சொல்லவில்லை. வேலைவிட்டு வந்த அத்தான் சட்டையைக்கூட மாற்றாமல் மெஷினை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பிடுங்கவில்லை. வாங்கிக்கொண்டார். பிறகு அக்கா தைலம் கொண்டுவந்தாள், தேய்க்கும்போதே திட்டினாள். இரண்டுமே இதமாக இருந்தது.

மார்ச் 24, ஞாயிறு

முடிந்தது. மேல்தளத்தை அக்கா மகள், பின்பக்கத்தை அக்கா, மெஷின் பெரும்பாலும் அத்தான். மேற்பார்வை நான். இந்தத் தடவை மெழுகு கடைசியில்தான். அக்கா கதவில் முகம் பார்த்துக் கொண்டையைச் சரிசெய்தாள். வெண்ணெய் போல வழுக்குகிறது வண்டி.

சாயங்காலம் வண்டிக்குள்ளிருந்து அத்தான் கூப்பிட்டார். சாப்பாட்டு மேசையின் காலை மடக்கி இரண்டு பெஞ்சுக்கும் நடுவில் இறக்கியிருந்தார். கையில் டேப்.

"மச்சான், இதுல கொஞ்சம் படு."

படுத்தேன்.

"காலை நீட்டு."

"எதுக்கு அத்தான்?"

"பலகை எவ்வளவு வெட்டணும்னு தெரிய வேணாமா?" என்று அளந்தார். "காலு நீளம்தான் உனக்கு."

"நாக்கைவிடக் கம்மிதான்" என்றாள் வாசலில் நின்ற அக்கா.

கூரையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். நல்ல கூரை. ரொம்ப நல்ல கூரை.

ஏப்ரல் 29, திங்கள்

ஊர் சுற்றும் வழியில் பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் வேறொரு மோட்டார் ஹோம். நம்முடையது முன்பு இருந்த அதே வெளுப்பு. அதன் சொந்தக்காரர் நம் வண்டியைத் தடவிப் பார்த்து, "எந்தக் கம்பெனியில குடுத்தீங்க?" என்று கேட்டார்.

நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் அத்தான் ஆரம்பித்துவிட்டார். "கம்பெனியா? எங்க மச்சான்தான். ஒத்த ஆளா பண்ணினாரு. நாங்க சும்மா துணி பிழிஞ்சு குடுத்தோம், அவ்வளவுதான். கப்பலுக்கெல்லாம் பாலிஷ் போட்டவரு, நம்ம வண்டி என்ன பெருசு?"

ஒரு "ம்"மில் பிழைப்பை ஓட்டும் மனுஷன்! நானே இவ்வளவு தூரம் போனதில்லை. சிரிக்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை.

அந்த ஆள் என் பக்கம் திரும்பி, "அப்படியாண்ணே?" என்றார்.

"முதல்ல காம்பவுண்டு போடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, தண்ணீர் பிடிக்கப் போனேன்.