மாமிக்கு எத்தனை சகோதரர்கள்?

5 மார்ச் 2025, விபூதிப் புதன், பான், ஜேர்மனி

தேவாலயத்தில் பூசிய நெற்றிச் சாம்பலோடு வீட்டுக்கு வந்தால், மேசைக்கு முன்னால் இரண்டு பொலிஸ். 1993இல் இந்த ஊரில் உல்ரிக்க என்ற பெண்ணைக் கொன்றவனின் மரபணு, கனடாவில் மாமியின் மகள் சஜிதா பூர்வீகம் பார்க்கக் கொடுத்த எச்சிலோடு ஒத்துப்போகிறதாம். கொன்றவன் சஜிதாவுக்குத் தாய்மாமன் முறை. மாமிக்குச் சகோதரர்கள் இருவர், இருவரும் ஜேர்மனியில்: என் அப்பா ஜேசுரட்ணம், றொனால்ட் சித்தப்பா. இருவரிடமும் எச்சில் கேட்டார்கள்.

"யோசிச்சுச் சொல்லுறம்" என்றார் அப்பா.

உல்ரிக்கவுக்கு அப்போது இருபத்தாறு வயதாம். என்னைவிட மூன்று வயது இளையவள்.

9 மார்ச்

சித்தப்பா மறுத்துவிட்டார். காரணம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்: அவர் அப்பாவின் தம்பியே இல்லை. ஒரே முகாமில் விடுவார்கள் என்று அகதி விண்ணப்பத்தில் தம்பி என்று எழுதிய சிநேகிதன். சோதித்தால் அது வெளியே வரும், பாஸ்போர்ட் போகும் என்று பயம். உல்ரிக்க இருந்த தெருவில் ஒரு உணவகத்தில்தான் அப்போது கோப்பை கழுவினார். பொலிசின் சந்தேகம் முழுக்க அவர் மேல். அவருக்குத் துணையாக அப்பாவும் மறுத்துவிட்டார்.

அட கடவுளே, கொலைப்பழியை விடப் பாஸ்போர்ட்டா பெரிது?

11 மார்ச்

பொலிசிடம் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றேன். அப்பா கத்தினார்: "அவன்ர வாழ்க்கையை நாசமாக்காதை!" அம்மா எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

13 மார்ச்

சொல்லிவிட்டேன். றொனால்ட் எங்கள் இரத்தம் இல்லை என்று.

பொலிஸ்காரி எழுதுவதை நிறுத்தினாள். "அப்படியென்றால் உங்கள் மாமிக்கு எத்தனை சகோதரர்கள்?"

"ஒருவர்" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. பிறந்ததிலிருந்து சித்தப்பா, சித்தப்பா என்று கூப்பிட்டு, இரண்டு பேர் என்றே எண்ணிப் பழகிய மண்டை. ஐயோ — என்ன செய்துபோட்டன் நான்? அம்மாவுக்கு முதலே தெரியுமோ?

28 மார்ச்

நீதிமன்ற உத்தரவில் எடுத்த அப்பாவின் எச்சில் பொருந்திவிட்டது.

14 ஜூன்

சிறையில் அப்பாவைப் பார்க்க மனு நிரப்பினோம். ஏன் செய்தீர்கள் என்று முகத்துக்கு நேரே கேட்க வேண்டும், அவ்வளவுதான். சித்தப்பாவும் வருகிறாராம். அவருடைய தாளில் 'உறவு' என்ற இடத்தில் என் பேனா நின்றது.

"தம்பி எண்டு எழுது, பிள்ளை."

"அது பொய் எண்டு இப்ப அவைக்குத் தெரியும், சித்தப்பா."

"தெரியட்டும். நீ எழுது."

எழுதினேன். என் தாளில் மகள் என்று எழுதத்தான் நெடுநேரம் பிடித்தது.