சாக்ஸஃபோன் வாயில் ஒரு துண்டு

ஜூலை 3, வியாழன்
செம்பூர் ஸ்டூடியோ உறுதியாகிவிட்டது. 21 முதல் மூன்று நாள். எட்டு ட்யூன்கள். என் முதல் ஆல்பம்.

காலை பத்து மணிக்கு, வழக்கம்போல், சாக்ஸஃபோனின் அகன்ற வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு வாசித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பேராச்சி அக்கா. ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி முடித்துத் தூங்குகிற நேரம். தாராவி வீடுகளின் சுவர் என்பது ஒரு பேச்சுக்குத்தான். ஆறு வருடமாக இப்படி.

ஜூலை 9, புதன்
மழை. ரயில் ஓடவில்லை. ஒத்திகை இல்லை.

ஜூலை 21, திங்கள்
துண்டை வீட்டில் விட்டுப் போனேன். ஸ்டூடியோவில் அதற்கு என்ன வேலை?

மூன்று ட்யூன் பதிவானது. திரும்பப் போட்டுக் கேட்டபோது டபுள் பாஸை வில்லால் வாசிக்கும் ஜாபெஸ் முகத்தைச் சுளித்தான்.

"அரே லிசா, நீ ஏன் கீழயே போக மாட்டேங்கிற?"

"எங்க கீழ?"

"கடைசி ரெண்டு நோட். நாம ஒத்திகை பார்த்த எட்டு ட்யூன்ல ஒரு தடவகூட வரல. நீயே தேக் லே, தாளப் பாரு. கடைசி ட்யூன் முடியவே இல்ல, பஸ் வராத ஸ்டாப் மாதிரி நிக்குது."

எழுதிய தாள்களைப் பார்த்தேன். ஒரு தடவைகூட இல்லை.

ஜூலை 22, செவ்வாய்
துண்டு இருந்தால் அடி ஸ்வரங்கள் பிடிக்காது. சாக்ஸஃபோன் இருமும். வராததை எழுதாமல் விட்டிருக்கிறேன் — தெரியாமலே. ஒரு பேட்டியில் இதைச் 'சிக்கனம்' என்று சொன்னேன். எம்.ஏ. படித்ததில் கிடைத்த சொல். சிக்கனமாம். துண்டுடி அது.

கடைசி ட்யூனுக்குப் புது முடிவு எழுதினேன். அடி பி ஃப்ளாட்டில், சாக்ஸஃபோனின் ஆகக் கீழ் ஸ்வரத்தில், போய் உட்காருகிறது. நாளை மதியம் பதிவு, அதோடு சரி. அந்த ஸ்வரம் எனக்குப் பழக்கமே இல்லை. காலையில் வீட்டில் வாசித்தாக வேண்டும்.

மாலை ஏழு மணி. டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பேராச்சி அக்காவிடம் போய் நின்றேன். நாளைக்கு ஒருநாள் மட்டும், துண்டு இல்லாமல், அரைமணி நேரம் —

"என்ன துண்டு?"

சொன்னேன்.

"ஏட்டி கோட்டிக்காரி, ஆறு வருசமாவா? ஒரு வார்த்த கேக்கப்பிடாது? நான் காதுல பஞ்ச வச்சிட்டுல்லா படுக்கேன். கீழ பட்டறையில அந்த மிஷினு போடுத சத்தத்துக்கு."

"அப்போ நான் வாசிக்கிறது...?"

"நீ குழல் ஊதுதன்னே உங்கம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

ஜூலை 23, புதன்
காலையில் துண்டு இல்லாமல் வாசித்தேன். தட்டில் இருந்த டம்ளர் அதிர்ந்தது.

மதியம் பதிவு. முதல் முறை ஸ்வரம் உடைந்தது. இரண்டாவது முறை பயந்தேன். மூன்றாவது முடிந்ததும் ஜாபெஸ் தலையாட்டிவிட்டு வில்லைக் கீழே வைத்தான். அது போதும்.

செப்டம்பர் 14, ஞாயிறு
பேராச்சி அக்காவுக்கு இன்று லீவு. பஞ்சை எடுத்துவிட்டு என் போனில் எட்டு ட்யூனையும் கேட்டாள். ஐந்தாவதில் கொட்டாவி விட்டாள். கடைசியில் நிமிர்ந்தாள்.

"இது யாருட்டி, கப்பல் வந்த மாதிரி?"

"நான்தான்க்கா."

"இதயா அடச்சு வச்சிருந்த?"

துண்டு துவைத்துக் கொடியில் கிடந்தது. குளித்துவிட்டு அதில்தான் தலை துவட்டினேன்.