கெட்டில் ஃபோர்க் பள்ளிக் குழுவில் என் முதல் வருடம்

செப்டம்பர் 9

காலையில் ஹெல்ம்ஸ்டட் பண்ணையில் கம்பி கிழித்த பசுவுக்குத் தையல். மாலையில் பள்ளி நூலகத்தில் வலது கையைத் தூக்கி உறுதிமொழி. கால்நடை வைத்தியனின் கை, கழுவியும் மருந்து வாடை போகவில்லை.

பழைய உறுப்பினர் ஊரை விட்டுப் போனதால் காலியான இடம் இது. என்னைத் தள்ளிவிட்டது அண்ணன் மெர்ல்தான். தானியக் கிடங்கு நடத்துகிறவன், ஃபுட்பால் ரசிகர் சங்கத்துக்கும் அவன்தான் தலைவன். "டேய் நாரிஸ், நீ ஒண்ணும் பேச வேணாம். ஃபுட்பாலுக்கு ஒரு ஓட்டு வேணும்னா கை தூக்கு, போதும்" என்றான்.

குழுவில் ஐந்து பேர். தலைவர் கார்னெட் ஆஸ்ட்பி, ஆற்றுக்கு அக்கரையில் மாடு வளர்க்கும் பெண்மணி. மழலை வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரே கட்டடத்தில் இருக்கும் ஒரு பள்ளிக்கு ஐந்து பேர் எதற்கு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இன்று பேருந்துக்கு டயர் வாங்குவதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினோம். இன்னும் அப்படித்தான் நினைக்கிறேன்.

செப்டம்பர் 13

இன்று ஒரு வேடிக்கை. உணவகத்தில் நானும் இன்னொரு உறுப்பினர் ஹெல்ம்ஸ்டட்டும் முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கார்னெட் வந்து எங்கள் மேசையில் உட்கார்ந்தார். அவர் பன்றிக்கறியை வெட்டும்போது நான் சும்மா இருக்காமல் டயர் விஷயத்தைத் தொடங்கினேன். அவர் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

"என்னங்க, கோவமா?"

"கோவமெல்லாம் இல்ல. அஞ்சுல மூணு பேர் உக்காந்து பள்ளிக்கூடத்தப் பத்திப் பேசினா அது கூட்டம். கூட்டம்னா ஊருக்குச் சொல்லிட்டுத்தான் நடத்தணும். நீ மழையப் பத்திப் பேசு, திரும்பி வரேன்."

மழையைப் பற்றிப் பேசினேன். தட்டோடு திரும்பி வந்தார்.

அக்டோபர் 14

மாநிலத் தேர்வு முடிவுகள் வந்தன. மூன்றாம் வகுப்பில் பாதிக்கு மேல் சரியாக வாசிக்கத் தெரியாதவர்கள்.

கண்காணிப்பாளர் ப்ரூயிட் நல்ல மனிதர். பள்ளியை நிர்வகிப்பது, அல்ஜீப்ரா நடத்துவது, ஓட்டுநர் வராத அன்று பேருந்து ஓட்டுவது எல்லாம் அவர்தான். தாளைப் பார்க்காமலே பேசினார். "சின்ன வகுப்புங்க. ரெண்டு பிள்ளைக்கு அன்னிக்குக் காய்ச்சல்னா கணக்கே மாறிடும். இத ரொம்பப் பெருசா எடுத்துக்க வேணாம்."

கார்னெட் கேட்டார்: "போன வருஷமும் காய்ச்சலா?"

ப்ரூயிட் இப்போதுதான் தாளைப் பார்த்தார்.

"அதுக்கு முந்தின வருஷம்?"

குரல் உயரவில்லை. அதுதான் அங்கே உட்கார்ந்திருந்த எனக்கு வியர்த்ததற்குக் காரணம். ப்ரூயிட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "இல்லைங்க. மூணு வருஷமா இப்படித்தான். எனக்குத் தெரியும்" என்றார்.

உறுப்பினர் ஒருவர் உடனே கொதித்தார். நாளைக்கே ட்வைலாவின் வகுப்பில் போய் உட்கார்ந்து பார்க்கிறேன் என்றார். ட்வைலா கெஸல் முதல் இரண்டு வகுப்புகளுக்கும் ஆசிரியை. இந்த ஊரில் பாதிப் பேருக்கு எழுத்து அறிமுகமானது அவரிடம்தான்.

"யாரும் போகக் கூடாது" என்றார் கார்னெட். "வகுப்பு நடத்துறது நம்ம வேல இல்ல. கண்காணிப்பாளரக் கேக்குறதுதான் நம்ம வேல. பதில் வர்ற வரைக்கும் கேக்கணும். அவருக்கு வேண்டியது கையில இல்லன்னா நாம தேடிக் கொடுக்கணும். அவ்ளோதான்." பிறகு ப்ரூயிட்டிடம்: "அடுத்த கூட்டத்துல இத முதல் விஷயமா வைங்க. ஊருக்குச் சொல்லிருங்க."

"ஊருக்கா?"

"அவங்க பிள்ளைங்கதானே."

அக்டோபர் 15

ப்ரின் நாலாம் வகுப்பு. போன வருடம் அந்தத் தேர்வை எழுதியவர்களில் என் மகளும் ஒருத்தி. இது நேற்று அந்த மேசையில் உட்கார்ந்திருந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

சாப்பாட்டுக்கு முன் அவளை மடியில் வைத்துக் குதிரைப் புத்தகம் ஒன்றைப் பிரித்தேன். கடகடவென்று வாசித்தாள், பெருமையாக இருந்தது. பிறகு படத்தைக் கையால் மறைத்தேன். வாசிப்பு நின்றுவிட்டது. 'மட்டக்குதிரை' என்று எழுதியிருந்ததை 'குதிரை' என்றாள். 'லாயம்' என்பதை 'வீடு' என்றாள். எழுத்தைப் பார்க்கவே இல்லை, என் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சொல்கிறாள்.

"அப்பா, கைய எடுங்க. படம் தெரியல."

என் மனைவி ஐலீன் அடுப்பருகே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். "எனக்குத் தெரியும் நாரிஸ்" என்றாள். "எனக்கு மட்டும்தான் இப்படின்னு நெனச்சேன். நம்ம பிள்ளைக்கு மட்டும்தான்னு."

எத்தனை சமையலறையில் எத்தனை பேர் இப்படி நினைத்துக்கொண்டு நிற்கிறார்கள்?

நவம்பர் 12

நூலகம் போதாமல் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம். ப்ரூயிட் முடிவுகளைத் திரையில் போட்டார். சாக்குப்போக்குச் சொல்லவில்லை. படத்தைப் பார்த்து ஊகிக்கப் பழக்கும் முறையில்தான் இத்தனை வருடமும் சொல்லிக்கொடுத்திருக்கிறோம், ஒலியையும் எழுத்தையும் சேர்த்துப் படிப்படியாகக் கற்றுத் தரவில்லை என்றார். பின்வரிசையில் யாரோ, "அப்ப ட்வைலாவ வீட்டுக்கு அனுப்புங்க" என்றான்.

கார்னெட் சுத்தியால் ஒரு தட்டு தட்டினார். "இங்க ஆளுங்க பேர் வராது. வேலைய மட்டும் பேசுங்க. இன்னொரு தடவ பேர் சொன்னா வெளியதான்."

ஆனால் ட்வைலாவே எழுந்துவிட்டார். கையில் கோட்டைச் சுருட்டிப் பிடித்திருந்தார்.

"எனக்குக் கல்லூரியில சொல்லிக்கொடுத்தத நான் சொல்லிக்கொடுத்தேன். ஒரு நாள்கூட ஏமாத்தல. ஆனா திரையில இருக்கிறது என் பிள்ளைங்க. அவங்களுக்கு வரல." கோட்டை இன்னொரு கைக்கு மாற்றினார். "எனக்குத் திரும்பச் சொல்லிக்குடுங்க. நான் கத்துக்குறேன். வீட்டுக்குப் போறது சுலபம், நான் போகல."

யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நானும்தான். பென்ஷன் வாங்கும் வயதில் ஊர் முன்னால் நின்று இப்படிச் சொல்ல என்னால் முடியுமா? தெரியவில்லை. நிச்சயமாக முடியாது என்றுதான் நினைக்கிறேன்.

டிசம்பர் 10

ப்ரூயிட்டின் திட்டம் வந்துவிட்டது. வாசிப்புக்கென்று தனியாக ஓர் ஆசிரியர். ட்வைலாவுக்கும் மற்ற மூன்று ஆசிரியர்களுக்கும் பயிற்சி. நல்ல திட்டம். பணம்?

அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். நமக்கென்று தனி ஃபுட்பால் அணி வைத்துக்கொள்ளாமல் பக்கத்து ஊர் வைபர்னோடு சேர்ந்துவிட்டால் முடியும். ஆறு பேர் ஆடும் ஆட்டத்துக்கே அடுத்த வருடம் நம்மிடம் ஏழு பையன்கள்தான் தேறுவார்கள். ஒருவன் விழுந்தால் மாற்றுக்கு ஒருவன். முட்டி மோதும் ஆட்டம், தலைக்கவசம் எல்லாம் புதிதாக வாங்கவேண்டிய வருடம் வேறு.

வைபர்ன். எங்கள் தாத்தா காலத்திலிருந்து வைபர்ன்காரனைக் கண்டால் நாங்கள் எதிர்ச்சாரிக்குப் போவோம்.

வெளியே மெர்ல் என் வண்டியின் மேல் சாய்ந்துகொண்டு நின்றான்.

"வைபர்னோட பச்சைச் சட்டைய நம்ம பசங்க போடணுமா? நீயும் நானும் ஆடின மைதானம்டா அது."

"அண்ணே, ப்ரினுக்கு வாசிக்க வரல."

"அவளுக்கு நான் காசு தரேன், டியூஷன் வை."

"மத்த பிள்ளைங்களுக்கு?"

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "உன்ன நான்தான் அங்க உக்கார வெச்சேன்" என்றான். அது உண்மை.

டிசம்பர் 25

கிறிஸ்துமஸ் விருந்துக்கு மெர்ல் வரவில்லை. வாத்து மிச்சமாகிவிட்டது.

ஜனவரி 14

உடற்பயிற்சிக் கூடம் நிரம்பிவிட்டது. வெளியே பனிக்காற்று. உள்ளே ஈரக் கோட்டு வாடை.

பேச விரும்பிய எல்லோரையும் கார்னெட் பேசவிட்டார். தன்னைத் திட்டுகிறவன் தடுமாறினால், "அவசரமில்ல, யோசிச்சுச் சொல்லு" என்று காத்திருந்தார். ஒருவன், "இந்தம்மாவுக்குப் பையன் இல்ல, அதான்" என்றான். அவர் குறித்துக்கொண்டு, "அடுத்தவர் வாங்க" என்றார். அவருக்கு ஒரு பையன் இருந்தான், இதே மைதானத்தில் ஆடியவன், வண்டி விபத்தில் போய்ச் சேர்ந்துவிட்டான். பேசியவன் ஊருக்குப் புதியவன், தெரியாது. கார்னெட் சொல்லவில்லை.

மெர்ல் நன்றாகப் பேசினான், இதை எழுதியே ஆக வேண்டும். வெள்ளிக்கிழமை ஆட்டம் இல்லையென்றால் நாங்கள் ஒருவரையொருவர் எப்போது பார்ப்பது, கடையும் போச்சு, மாதாகோயிலில் பாதி ஆளில்லை, இதுவும் போனால் ஊர் என்று எதைச் சொல்வது என்று கேட்டான். பக்கத்தில் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். அவன் சொன்னதில் பொய் ஒன்றுகூட இல்லை.

வைபர்னோடு சேர்வதற்கு ஓட்டெடுப்பு. இரண்டு ஆம், இரண்டு இல்லை. என்னைக் கடைசியாகக் கேட்டார்கள்.

"ஆம்."

என் குரல் எனக்கே கேட்கவில்லை. கூட்டக் குறிப்பு எழுதுகிறவர் திரும்பக் கேட்டார். மறுபடி சொன்னேன், இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்டது. மெர்ல் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

ஜனவரி 15

மருந்துக்கடையில் யாரும் என்னோடு பேசவில்லை. ட்வைலா மட்டும் கையைப் பிடித்து, "தேங்க்ஸ் சொல்ல மாட்டேன் டாக்டர், எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

பிப்ரவரி 20

கன்று போடும் காலம். தூக்கமில்லை. மெர்ல் தன் பசுக்களுக்கு வேறு வைத்தியரைக் கூப்பிடுகிறானாம். எங்கிருந்து? வைபர்னிலிருந்து! இதை ஐலீனிடம் சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தேன், சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

மார்ச் 26

ப்ரூயிட் குழுவுக்கு மாதாமாதம் வாசிப்பு நிலவரம் சொல்கிறார். கார்னெட் ஒரு தடவைகூட விடவில்லை. நல்ல செய்தி வந்தாலும், "எப்படித் தெரியும்?" கெட்ட செய்தி வந்தால், "உங்களுக்கு என்ன வேணும்?" இந்த இரண்டு கேள்விகளில் ஒரு பள்ளி நடக்கிறது. நான் டை கட்டிய மேதைகளை எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

ட்வைலா சனிக்கிழமைகளில் பயிற்சிக்குப் பனிச்சாலையில் போய்வருகிறார். பெரிய வகுப்பில் பின்தங்கியவர்களுக்கும் பள்ளி விட்டபின் தானே பாடம் எடுக்கிறார். ப்ரினும் போகிறாள். நேற்று என் மருந்துப் பெட்டியின் மேல் இருந்த நீளமான பெயரை விரலை வைத்து, ஒவ்வொரு ஒலியாகக் கூட்டி, உடைத்துச் சேர்த்து வாசித்தாள். 'பெ-னி-சி-லின்.' பெட்டியில் படம் எதுவும் இல்லை.

கொட்டகைக்குப் போய்க் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

மே 6

தேர்தல். கார்னெட்டை எதிர்த்து மெர்ல் நின்றான். மெர்ல் ஜெயித்துவிட்டான். அதிக வித்தியாசமில்லை, ஆனாலும் ஜெயித்துவிட்டான்.

கார்னெட்டுக்குப் போன் செய்தேன். என்ன சொல்வதென்று தெரியாமல், "அநியாயங்க" என்றேன்.

"என்ன அநியாயம்? ஓட்டுப் போட்டாங்க, எண்ணினாங்க. நாளைக்கு வேலி போடணும், வைக்கட்டுமா?"

எனக்குத்தான் ஆறவில்லை. பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லித் தந்ததுக்கா இந்தக் கூலி? என்ன ஊர்டா இது! ரசிகர் சங்கத்துக்காரன் வந்து உக்காந்து எல்லாத்தையும் கலைக்கப் போறான், அதையும் நான் பக்கத்துலயே உக்காந்து பாக்கணும்.

மே 22

நம்ப முடியாத ஒன்று. தீவன மூட்டைக்காகத் தானியக் கிடங்குக்குப் போனேன் (வேறு வழியில்லை, ஊரில் அது ஒன்றுதான்). அலுவலக ஜன்னலில் பார்த்தால் மெர்லும் கார்னெட்டும். மேசை முழுக்கப் பள்ளி வரவுசெலவுக் காகிதம்.

வெளியே வந்த கார்னெட்டிடம் கேட்டேன். "இங்க என்ன பண்றீங்க?"

"உங்கண்ணனுக்கு வரி வருமானம் எப்படி வருதுன்னு புரியல. மூணாவது வாரமா வரேன். மண்டை கெட்டி, ஆனா நேர்மையாக் கேக்குறான்."

"உங்களத் தோக்கடிச்சவனுக்கு நீங்களே..."

"அந்த நாற்காலி என்னுதில்ல நாரிஸ். யார் உக்காந்தாலும் தெரிஞ்சு உக்காரணும். இல்லன்னா பிள்ளைங்கதானே கஷ்டப்படும்?" வண்டியில் ஏறினவர் கண்ணாடியை இறக்கினார். "அவன் வாசிப்புத் திட்டத்த எதிர்ப்பான்னு வெச்சுக்க. எதிர்க்கட்டும். முழுசாத் தெரிஞ்சு எதிர்க்கட்டும்."

மூட்டையை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

செப்டம்பர் 16

புது முடிவுகள். மூன்றாம் வகுப்பில் பெரும்பாலோர் தேறிவிட்டார்கள். இப்போது தலைவராக இருக்கும் ஹெல்ம்ஸ்டட் முகமெல்லாம் பல்லாகக் கைதட்டினார். ப்ரூயிட் சிவந்துபோனார். பின்வரிசையில் ட்வைலா.

மெர்ல் கைதட்டவில்லை. காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். இதோ வருகிறது என்று நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"தேறாத பிள்ளைங்க இருக்காங்களே," என்றான். "அவங்களுக்கு என்ன செய்யறீங்க?"

ப்ரூயிட் விளக்கினார். மெர்ல் கேட்டுக்கொண்டான். "சரி. அது நடக்குதுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" ப்ரூயிட் மாதாமாதம் தனியாகச் சொல்வதாக ஒப்புக்கொண்டார். மெர்ல் தலையாட்டிவிட்டு, "ஃபுட்பால் விஷயத்துல நான் இன்னும் உங்க யாரோடயும் ஒத்துப்போகல. அத எழுதிக்குங்க" என்றான். எழுதிக்கொண்டார்கள்.

பிறகு வாசிப்பு ஆசிரியரை இன்னொரு வருடம் வைத்துக்கொள்ளும் தீர்மானம். யார் முன்மொழிகிறீர்கள் என்று தலைவர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மெர்ல், "நான்" என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, ஒன்பது மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக என்னிடம் பேசினான்.

"என்னடா பாத்துக்கிட்டே இருக்க? வழிமொழி."